மலை அசையவில்லையா?

ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில், வாலே மாகாணத்து லோட்சென்டால் பள்ளத்தாக்கில், பிளாட்டன் என்று ஒரு கிராமம் இருந்தது. 2025-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி பிற்பகல், அக்கிராமத்தின் தலைக்கு மேலிருந்த பிர்ச் பனியாறு, தன்மேல் சரிந்து குவிந்த பாறைகளின் பாரந் தாங்காமல் பெயர்ந்து இறங்கிற்று. சில நிமிஷங்களில் ஊரில் பத்தில் ஒன்பது பங்கு கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் மறைந்து போயிற்று. ஒன்பது தினங்களுக்கு முன், மே 19-ந் தேதியே, அங்கிருந்த சுமார் 300 ஜனங்களை அதிகாரிகள் வெளியேற்றியிருந்தார்கள். ஆகையால் ஓர் ஊரே அழிந்த இடத்தில் ஒரே ஓர் உயிர்தான் சேதமாயிற்று.

இச்செய்தியைப் படித்தவர்கள் ஸ்விஸ் அதிகாரிகளைப் புகழ்ந்தார்கள். அப்புகழுக்கு அவர்கள் உரியவர்களே. மலையை அளந்தார்கள், அளவை நம்பினார்கள், ஜனங்களை மாடு கன்றுகளோடு அப்புறப்படுத்தினார்கள். ஆயினும் ஒரு விஷயத்தை நாம் மறக்கலாகாது. பிளாட்டனுக்கு மேலே, கடைசித் தினங்களில் பனியாறு நாளொன்றுக்குப் பல மீட்டர் வீதம் நகர்ந்து வந்தது. அவ்வளவு வேகமாய் நகரும் பொருளை எந்தத் திசையில் வைத்து அளந்தாலும் ‘நகர்கிறது’ என்ற விடையே கிடைக்கும். அளவையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் முடிவு மாறாது. உலகத்துப் பாறை முகங்களிலே பெரும்பாலானவை இப்படி வெளிப்படையாய் நடந்துகொள்வதில்லை. மாதத்திற்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று அசைந்திருந்து, ஒருநாள் நள்ளிரவில் ஒரு துண்டைக் கீழே உதறிவிடுகின்றன. அத்தகைய இடத்தில் அளக்கும் திசை சிறிது கோணினாலும் தீர்ப்பே மாறிவிடக்கூடும்.

அந்தத் திசையைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். கணக்கு உபாத்தியாயர்களின் காரியத்தைத் தலையங்கப் பக்கத்தில் இழுத்து வருவானேன் என்று கேட்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மலையடியில் குடியிருப்பவனும், மலையோரத்து ரயிலில் உறங்கிக்கொண்டே பிரயாணம் செய்கிறவனும், தாங்கள் பார்த்திராத ஒரு கணக்கின் தயவில் இன்று உயிர் வாழ்கிறார்கள். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று கேட்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு என்பது நமது கட்சி.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், லிட்டன் என்னும் ஊருக்கு அருகே, தாம்ப்ஸன் நதிக்கரையில் ‘வெள்ளைக் கணவாய்’ என்று சொல்லத்தக்க வொய்ட் கேன்யன் என்னும் இடம் இருக்கிறது. நதிக்கும் செங்குத்தான பாறைக்கும் நடுவே கனேடியன் நேஷனல் ரயில்வேயின் தண்டவாளம் செல்கிறது. மேலேயுள்ள பாறை நொறுங்கிப் போன பழம்பாறை. மழையிலும் உறைபனியிலும் ஓயாமல் உதிர்வது. பாதை நெடுகக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். கல் விழுந்து கம்பி அறுந்தால் கைகாட்டி தானே விழுந்து வண்டியை நிறுத்தும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கல் விழுந்த பிறகுதான் வேலி பேசும். விழுமுன் எச்சரிக்கை வேண்டுமானால் பாறையையே அளக்க வேண்டும். கிங்ஸ்டன் நகரத்துக் குயின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், லேசர் கருவியை நதிக்கு இக்கரையில் ஊன்றி, எதிர்க்கரைப் பாறையைப் பல வருஷங்களாகத் திரும்பத் திரும்ப அளந்து வந்திருக்கிறார்கள்.

கருவி செய்வது இவ்வளவே. ஓர் ஒளித் துடிப்பை அனுப்புகிறது. அது பாறையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. எந்தக் கோணத்தில் அனுப்பினோம் என்பது தெரியுமாதலால், பாறைமேல் ஒரு புள்ளி எவ்விடத்தில் இருக்கிறதென்று மூன்று எண்களால் குறித்துக்கொள்கிறது. இப்படி லக்ஷக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் புள்ளிகள் சேர்ந்தால் அதைப் புள்ளித் திரள் என்கிறார்கள். இப்போது புகைப்படங்களை ஒன்றோடொன்று பொருத்தியும் இத்தகைய திரளை உண்டாக்குகிறார்கள். தை மாதத்தில் ஒரு திரள், ஆடி மாதத்தில் ஒரு திரள் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டால் பாறை மாறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும் என்று யாரும் எண்ணுவார்கள்.

இங்கேதான் சங்கடம் துவங்குகிறது. தை மாதத்தில் ஒளி பட்ட அதே இடத்தில் ஆடி மாதத்தில் ஒளி படாது. முதல் திரளிலுள்ள எந்தப் புள்ளிக்கும் இரண்டாவது திரளில் ஜோடிப் புள்ளி கிடையாது. ஆகவே ‘இந்தப் புள்ளி இங்கிருந்து இங்கே போயிற்று’ என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஒரு பரப்புக்கும் மற்றொரு பரப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்றுதான் கேட்கலாம். இடைவெளி என்றவுடன், எந்தத் திசையில் என்ற கேள்வி பிறக்கிறது.

மேலிருந்து கீழாக அளப்பது பழைய வழக்கம். வயலுக்கும் ஆற்றுப் படுகைக்கும் அது போதும். செங்குத்தான பாறையில் அது பரிகாசத்துக்கு இடமாகும். சுவரின் கனத்தை அறிய விரும்புகிறவன் சுவரின் உயரத்தின் வழியாக நூல் பிடிப்பானா? துருத்தி நிற்கும் பாறைக்குக் கீழே குடைவு இருந்தால் ஒரே செங்குத்துக் கோடு பாறையை மூன்று இடங்களில் வெட்டும். எதை எதிலிருந்து கழிப்பது? மிக அருகிலுள்ள புள்ளிக்கு உள்ள தூரத்தை எடுத்துக்கொள்வது மற்றொரு முறை. அதில் புள்ளிகளின் நெருக்கமே விடையைக் கெடுத்துவிடும்; பாறை முன்னே வந்ததா பின்னே போயிற்றா என்பதும் தெரியாது.

ஆகையால் பாறை முகத்துக்கு எது நேர் எதிர்த் திசையோ, அந்தத் திசையில் அளப்பது என்று தீர்மானித்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற செங்கோடுதான் அது. ஓரிடத்தைச் சுற்றி ஒரு குறித்த ஆரத்துக்குள் இருக்கும் புள்ளிகளையெல்லாம் கூட்டி, அவற்றுக்கு மிகப் பொருத்தமான ஒரு தளத்தை அமைக்கிறார்கள். எந்தத் திசையில் புள்ளிகளின் சிதறல் மிகக் குறைவோ அதுவே அத்தளத்தின் செங்கோடு. பின்னர், செங்கோட்டைச் சுற்றி ஓர் உருளையை மனத்தில் கற்பித்துக்கொண்டு, அதற்குள் விழும் பழைய புள்ளிகளின் சராசரி எங்கே, புதிய புள்ளிகளின் சராசரி எங்கே என்று பார்த்து, வித்தியாசத்தை மாறுதல் என்கிறார்கள். பிரான்ஸ் தேசத்து டிமித்ரி லாக், நிகோலா புரோடு, ஜெரோம் லெரூ என்ற மூவர் நியூசிலாந்தின் ராங்கிடிகேய் நதிப் பள்ளத்தாக்கை அளந்து 2013-ம் வருஷம் வெளியிட்ட முறை இது. எம்3சி2 என்பது அதன் பெயர். கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் அது சேர்க்கப்பட்டிருப்பதால், கணிப்பொறி வைத்திருக்கும் எவரும் இன்று இக்கணக்கைப் போடலாம். பொத்தானை அழுத்தினால் சிவப்பும் நீலமுமாய்ப் படம் வந்துவிடும். அவ்வளவு சுலபமாய் வருவதுதான் நமக்குக் கவலையை உண்டாக்குகிறது.

ஏனென்றால், ‘ஒரு குறித்த ஆரம்’ என்று மேலே ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டோம். அது எவ்வளவு? பாறை சொல்லாது, கணக்குப் போடுகிறவர்தான் சொல்ல வேண்டும். ஆரத்தை மிகச் சிறிதாக வைத்தால், பாறையின் ஒவ்வொரு சொரசொரப்பையும் ஒரு முகமாக எண்ணி, செங்கோடு பைத்தியம் பிடித்ததுபோல் இடத்துக்கிடம் திரும்பும். பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு இடங்களில் ஒன்று கிழக்கு நோக்கியும் மற்றொன்று வானத்தை நோக்கியும் அளக்கும். ஆரத்தை மிகப் பெரிதாக வைத்தால், இரண்டு முகங்கள் சந்திக்கும் மூலையில் இரண்டுக்கும் பொதுவாய் நடுவே ஒரு கோணல் திசையைக் கற்பித்துவிடும். செங்கோணமான ஒரு பாறை மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மூலையில் கிடைக்கும் செங்கோடு இரண்டு முகங்களிலிருந்தும் 45 பாகை சாய்ந்து நிற்கும். ஒரு முகம் 10 மில்லிமீட்டர் முன்னே வந்திருந்தால், அந்தச் சாய்ந்த கோட்டின் வழியே அது 14 மில்லிமீட்டர் என்று காட்டும். சாய்வு 10 பாகையானால் பிசகு நூற்றுக்கு ஒன்றரைதான். 20 பாகையானால் நூற்றுக்கு ஆறு. 60 பாகையானால் உள்ளது இரட்டிப்பாகத் தோன்றும். சிறு சாய்வு பெரிதாகக் கெடுக்காது, பெருஞ்சாய்வு மோசஞ்செய்யும் என்பதை நேயர்கள் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம். பாறை எங்கே பெயர்கிறதோ அங்கேதான் மூலைகளும் விளிம்புகளும் அதிகம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மேற்சொன்ன மூவர் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். தளம் அமைக்க எடுத்துக்கொள்ளும் வட்டத்தின் விட்டம், பாறையின் சொரசொரப்பைப்போல் 20 முதல் 25 மடங்கு வரை இருந்தால், செங்கோட்டின் தடுமாற்றத்தால் தூரத்தில் நேரும் பிசகு அற்பமாகிவிடும். சொரசொரப்பு 2 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 40 அல்லது 50 சென்டிமீட்டர் வேண்டும். ஆனால் ஒரே மலையில் ஓரிடம் பலகைபோல் வழவழப்பாயும், மற்றோரிடம் உடைந்த ஜல்லிக் குவியலாயும் இருக்கிறது. ஒரே அளவை மலை முழுவதற்கும் போட்டுவிட்டுக் கைகழுவிக்கொள்வது, ஊரிலுள்ள எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பதற்குச் சமானம். இடத்துக்கேற்ப விட்டத்தை மாற்றும் வசதி அம்முறையிலேயே இருக்கிறது. அதை உபயோகித்தார்களா என்று கேட்பவர்தான் இல்லை.

செங்கோட்டுக்கு இன்னொரு குணமுண்டு. ஒரு தளத்துக்கு இரண்டு பக்கமும் செங்கோடு உண்டு: ஒன்று மலைக்கு வெளியே, மற்றொன்று மலைக்கு உள்ளே. கணக்குக்கு இரண்டும் ஒன்றே. கருவி நின்ற இடத்தை நோக்கியதையே கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்தால் ஒழிய, அது தன் இஷ்டப்படி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். தலைகீழாய்ப் பிடித்த இடத்தில் முன்னே புடைத்து வரும் பாறை, உதிர்ந்து குறைந்து போன பாறையாய்த் தோன்றும். இது சாமானியப் பிழையன்று. முன்னே புடைத்தல் வரப்போகும் அபாயத்தின் அறிகுறி. உதிர்ந்து குறைதல் முடிந்துபோன சம்பவம். ஒன்றுக்கு ஜனங்களை எழுப்ப வேண்டும். மற்றதற்குத் தண்டவாளத்தைப் பெருக்கினால் போதும். பல இடங்களில் கருவியை நிறுத்தி எடுத்த திரள்களை ஒன்றாய்க் கலந்துவிட்டு, எந்தப் புள்ளி எந்த இடத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்பையும் தொலைத்துவிட்டால், குடைவுகளிலும் துருத்தல்களிலும் இப்பிழை நுழைவது மிகச் சுலபம்.

இவையெல்லாம் சரியாயிருந்தாலும் மற்றொரு குறை நிற்கிறது. செங்கோட்டின் வழியாக அளப்பவன், செங்கோட்டின் வழியாக நேர்ந்த அசைவை மட்டுமே காண்பான். ஒரு பாறைத் துண்டு முகத்தோடு ஒட்டியே கீழ்நோக்கி வழுக்கினால், அது ஒரு சாண் இறங்கியிருந்தாலும் கணக்கு ‘மாறுதல் இல்லை’ என்றே கூறக்கூடும். முகத்துக்கு 30 பாகை சாய்ந்த விரிசலில் 20 மில்லிமீட்டர் வழுக்கிய துண்டு 10 மில்லிமீட்டர் என்றே பதிவாகும். பாதி அசைவு காணாமற் போய்விடுகிறது. பாறையின் விரிசல்கள் எப்பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் மலைமேல் ஏறிப் பார்த்துச் சொன்னால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தமுண்டு. கருவி வந்துவிட்டது, இனிக் கம்பாஸும் சுத்தியலும் வேண்டாம் என்று எண்ணுகிற இலாகாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, நமக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறோம். இந்த முறையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கண்டறியும் எல்லை கணிக்கப்படுகிறது. அந்த எல்லைக்கு மேற்பட்ட வித்தியாசத்தையே மெய்யான மாறுதல் என்று ஒப்புக்கொள்வார்கள். இரண்டு திரள்களிலும் உருளைக்குள் எத்தனை புள்ளிகள், அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன, இரண்டு திரள்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தியதில் எவ்வளவு பிசகு என்ற மூன்றையும் வைத்து அது கணிக்கப்படுகிறது. ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தோம். சிதறல் இரண்டிலும் 2 சென்டிமீட்டர். புள்ளிகள் இருபத்தைந்து இருபத்தைந்து. பொருத்தியதில் பிசகு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லை ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வருகிறது. புள்ளிகளை நூறு நூறாக உயர்த்தினால் 15 மில்லிமீட்டருக்கு இறங்குகிறது. புள்ளிகளைக் கணக்கின்றிப் பெருக்கினாலும், பொருத்தியதிலுள்ள பிசகு மட்டும் கரையாமல் நிற்பதால், 10 மில்லிமீட்டருக்கு வெகுவாகக் கீழே போக வழியில்லை.

சரி, அப்பாறையில் ஒரு துண்டு உண்மையிலேயே 12 மில்லிமீட்டர் முன்னே வந்திருக்கிறது என்று கொள்வோம். எல்லை 21. படத்தில் அவ்விடம் வெள்ளையாயிருக்கும். வெள்ளைக்கு நேரே ‘மாறுதல் இல்லை’ என்று எழுதியிருக்கும். செங்கோடு தடுமாறிய இடத்தில் சிதறல் அதிகமாய்த் தெரியும். சிதறல் அதிகமானால் எல்லையும் உயரும். எல்லை உயர்ந்தால் வெள்ளை பரவும். எங்கே கணக்கு மோசமோ அங்கேதான் மலை மிகச் சாதுவாய்த் தோன்றுகிறது! உருளையைப் பெரிதாக்கிப் புள்ளிகளைப் பெருக்குவோம் என்றாலோ, அசைந்த துண்டும் அசையாத பாறையும் ஒன்றாய்ச் சராசரியில் கரைந்துவிடும். உருளையின் கால் பாகத்தில் மட்டும் 20 மில்லிமீட்டர் அசைவிருந்தால் சராசரி 5 மில்லிமீட்டர்தான். இந்த உருளையின் விட்டத்தைப் பொறுத்தே உதிர்ந்த கற்களின் எண்ணிக்கையும் பருமனும் மாறிப் போகின்றன என்று கனடாவில் 2020-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி எச்சரித்திருக்கிறது.

நாம் கணித நிபுணர் அல்லோம். வக்கீல் தொழில் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தால் நமக்கு ஒன்று புலப்படுகிறது. நியாயஸ்தலத்தில் குற்றம் ருசுவாகாவிட்டால் பிரதிவாதியை விடுதலை செய்கிறார்கள். சந்தேகத்தின் பலன் அவனுக்கே கொடுக்கப்படுகிறது. அது நாகரிக தேசங்களின் தர்மம். மேலே சொன்ன எல்லை நூற்றுக்கு 95 பங்கு நிச்சயத்தைக் கேட்கிறது. அதாவது, பாறையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, அது அசைந்தது என்று 95 பங்கு ருசுவானால் ஒழிய அதை நிரபராதி என்று அனுப்பிவிடுகிறார்கள். சந்தேகத்தின் பலன் பாறைக்குப் போகிறது. கீழே குடியிருப்பவனுக்கு ஒன்றுமில்லை. ஒரு மனிதனைத் தூக்கிலிடுவதா என்ற கேள்விக்கு ஏற்ற பிரமாணத்தை, ஒரு மனிதனை வீட்டை விட்டு ஓரிரவு வெளியே படுக்கச் சொல்வதா என்ற கேள்விக்கு அப்படியே வைப்பது நியாயமாகாது. ‘மாறுதல் இல்லை’ என்று எழுதும் இடத்தில் ‘21 மில்லிமீட்டருக்குக் குறைந்த அசைவு எமக்குத் தெரியாது’ என்று எழுதினால், அதுவே உண்மையான சாட்சியம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரமாணத்தைத் தளர்த்தினால் பொய் எச்சரிக்கைகள் பெருகும். 95 பங்கு என்று வைத்துக்கொண்டாலே, அசையாத இடங்களில் இருபதில் ஒன்று அசைந்ததாய்த் தோன்றலாம்; பத்து லக்ஷம் இடங்களை அளந்தால் 50,000 இடங்கள் வீணாய்ச் சிவக்கும். மாதம் ஒருமுறை வண்டியை நிறுத்தினால் ரயில்வேக்காரர் எச்சரிக்கையையே மதிக்கமாட்டார். இதில் நியாயமிருக்கிறது. ஆனால் இதற்குப் பரிகாரம் வேறிடத்தில் இருக்கிறது. தனியாய்ச் சிவந்த ஒரு புள்ளியைத் தள்ளலாம்; விரிசல்களால் சூழப்பட்ட ஒரு துண்டு முழுவதும் ஒரே திசையில், அடுத்தடுத்த அளவைகளில், சிறிது சிறிதாய் வளர்ந்து சிவந்தால் அதைத் தள்ளலாகாது. குயின்ஸ் சர்வகலாசாலையாரே 2015-ல், அடிக்கடி அளந்து, இடத்தில் மட்டுமின்றிக் காலத்திலும் சராசரி எடுத்து, சிதறலை மிகவும் குறைத்துக் காட்டினார்கள். சில பாறைகள் விழுமுன் மெல்ல முன்னோக்கி அசைந்திருந்ததை அவ்வித அளவைகளிலேயே கண்டுகொள்ள முடிந்தது. இங்கிலாந்தில் விட்பி என்னும் கடற்கரைக் குன்றை டர்ஹாம் சர்வகலாசாலையார் மணிக்கொரு தரம் அளந்தபோது, மாதத்துக்கொரு தரம் அளந்தால் ஒரே பெரிய சரிவாய்த் தோன்றுவது, பல சிறு உதிர்வுகளாய்ப் பிரிந்து தெரிந்தது. இப்படித் தொடர்ந்து ஒப்பிடும்போது ஒவ்வொரு தடவையும் செங்கோட்டைப் புதிதாய்ப் போடலாகாது. முதல் அளவையில் நிச்சயித்த திசையையே பிடித்துக்கொண்டு வர வேண்டும். கோலை மாற்றி மாற்றி நிலத்தை அளக்கும் கர்ணம் எவ்வளவு நம்பத்தக்கவரோ அவ்வளவே நம்பத்தக்கது, திசையை மாற்றி மாற்றி அளந்த தொடர்.

அமெரிக்காவின் யோஸமிட்டி பள்ளத்தாக்கில் 2008-ம் வருஷம் அக்டோபர் மாதம் கிளேஸியர் பாயிண்ட் பாறையிலிருந்து கல் விழுந்து கர்ரி கிராமத்துக் குடிசைகளைத் தாக்கியது. பூங்கா அதிகாரிகள் இருநூற்றுக்கு மேற்பட்ட குடிசைகளை மூடினார்கள். அத்துடன் நில்லாமல், பாறைகளை லேசரால் அளந்து, கல் எதுவரை வரக்கூடும் என்று ஒரு கோடு கிழித்து, கணக்கின் முறை முழுவதையும் 2012-ல் அச்சிட்டு வெளியிட்டார்கள். எவரும் படிக்கலாம், எவரும் ஆக்ஷேபிக்கலாம். அப்படியிருந்தும் 2017 செப்டம்பர் 27-ந் தேதி எல் காபிட்டான் பாறை உதிர்ந்து ஒருவர் மாண்டார். மறுநாள் சுமார் 10,000 கன மீட்டர் பாறை விழுந்தது. அளவை எல்லா உயிரையும் காப்பாற்றிவிடும் என்று நாம் வாதிக்கவில்லை. முறையைப் பகிரங்கமாய் வைத்ததையே பாராட்டுகிறோம்.

நமது தேசத்திலும் மலையை வெட்டி ரயில் விட்டிருக்கிறோம். கொங்கண் ரயில் பாதையில் 2003 ஜூன் 22-ந் தேதி வைபவ்வாடி அருகே பாதையில் சரிந்த கல்லிலும் மண்ணிலும் வண்டி மோதி, ஐம்பது பேர் வரையில் இறந்தார்கள். அடுத்த வருஷம் ஜூன் 16-ந் தேதி மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் அதே பாதையில் பாறையில் மோதித் தடம் புரண்டு மேலும் பல உயிர்கள் போயின. அதன் பிறகு வலைகள் கட்டினார்கள். மழைக்காலத்தில் வேகத்தைக் குறைத்தார்கள். காவல் ஆட்களை நடக்க விட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலை ரயிலும் ஐப்பசி கார்த்திகை மழையில் கல் விழுந்து நிற்பது நமக்குப் பழகிப் போன செய்தி. லேசர் அளவையும், பறக்கும் டிரோன் எடுக்கும் புகைப்பட அளவையும் நம் இலாகாக்களுக்கும் கைக்கெட்டியவையே. வர்ணப் படங்கள் மேஜைமேல் வந்து விழும்போது, வெள்ளையாயிருக்கும் இடத்தைக் காட்டி ‘ஒன்றுமில்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவது உத்தியோகஸ்தர்களுக்கு எளிது.

ஆகவே சட்டசபையிலும் ஜில்லா சபைகளிலும் இருக்கும் நமது அங்கத்தினர்கள், இத்தகைய வேலைக்குக் குத்தகை விடும்போதே சில ஷரத்துக்களை எழுதச் செய்ய வேண்டும். செங்கோடு எந்த விட்டத்தில் எடுக்கப்பட்டது, அது அவ்விடத்துச் சொரசொரப்புக்கு எத்தனை மடங்கு, உருளையின் விட்டம் என்ன, திரள்களைப் பொருத்தியதில் பிசகு எவ்வளவு, அதை அசையாத எந்தப் பாறைகளைக் கொண்டு சோதித்தார்கள் என்பவை படத்தின் அடியிலேயே அச்சிடப்பட வேண்டும். வெள்ளை ஒரே வர்ணமாய் இருக்கலாகாது: எல்லை 10 மில்லிமீட்டராயுள்ள இடம் வேறு, 50 மில்லிமீட்டராயுள்ள இடம் வேறு, ஒளியே படாமல் புள்ளியே இல்லாத இடம் வேறு. மூலத் திரள்களைக் குத்தகைக்காரர் தம் பெட்டியில் பூட்டிக்கொண்டு போகாமல் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். ஏதேனும் ஒரு சர்வகலாசாலை அதே திரளை வாங்கி, வேறு விட்டத்தில் கணக்கைப் போட்டுப் பார்க்க அனுமதி இருக்க வேண்டும். படத்தின் பிரதி ஒன்று, மலையடியிலுள்ள கிராமத்துப் பஞ்சாயத்து ஆபீஸில், எல்லோரும் பார்க்கத்தக்க இடத்தில், அளந்த தேதியோடும் அடுத்து அளக்கப்போகும் தேதியோடும் ஒட்டப்பட வேண்டும்.